மடற்பனையும் வானலையும்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கும் கம்பியில்லாச் செய்திக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் சிலர் நம்மிடம் வியப்போடு கேட்பதுண்டு. உறவு இருக்கிறது. நன்னூலின் பொதுப்பாயிரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற எவரும், ஆசான் துணையின்றிக் கற்க இயலாத கலைகள் எவை, துணையின்றியும் கற்கத்தக்கவை எவை என்று எண்ணிப் பாராமல் இருக்க முடியாது. அவ்வாறு எண்ணியபோது, இந்நாளிலும் பெரும்பாலும் ஆள்வழியாகவே கைமாறி வரும் கலை ஒன்று நம் கண்ணில் பட்டது. அதுவே அமெச்சூர் வானொலி. உலக வழக்கில் 'ஹாம்'. சாணார்பட்டி போன்ற திண்டுக்கல் சமவெளிச் சிற்றூர்களுக்கு இக்கலை வந்து சேர வேண்டுமானால், கருவிகளுக்கு முன்னே ஆசான்கள் வந்து சேர வேண்டும் என்பது நம் துணிபு. அதற்கான காரணங்களை வாசகர்முன் வைக்கிறோம்.

அமெச்சூர் வானொலி என்பது யாது? வணிக நோக்கமின்றி, கற்றல், ஆய்தல், நட்பு ஆகியவற்றுக்காக ஒரு தனிமனிதர் அரசின் உரிமம் பெற்றுத் தம் வீட்டிலிருந்தே வானலை வழியாகப் பிறரோடு உரையாடுவது. வீட்டு வானொலிப் பெட்டியில் நாம் கேட்க மட்டுமே முடியும். இங்கே பேசவும் முடியும். இடையில் எந்த நிறுவனத்தின் கோபுரமும் இல்லை. மாதக் கட்டணமும் இல்லை. ஆனால் கட்டுப்பாடுகள் உண்டு. பாட்டு ஒலிபரப்பக் கூடாது. வணிகம் பேசக் கூடாது. பிறர் அறியாத மறைமொழியில் பேசக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி வழங்கப்படும். இந்திய ஆர்வலரின் குறி 'வி.யு.' என்று தொடங்கும். வானலையில் பட்டம், பதவி, குலம் எவையும் செல்லா. குறியும் பெயருமே செல்லும். ஜோர்டான் மன்னர் ஹுசைன் அங்கே 'ஜே.ஒய்.1', நம் நாட்டுப் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி 'வி.யு.2 ஆர்.ஜி.'. அவர்களோடு ஒரு பள்ளி மாணவனும் சமமாக நின்று பேசியிருக்கக்கூடிய அரங்கம் அது.

இது நம் மண்ணுக்குப் புதியதும் அன்று. 1921-இல் வங்கத்தைச் சேர்ந்த அமரேந்திர சந்திர குப்து உரிமம் பெற்றதிலிருந்து இந்திய அமெச்சூர் வானொலியின் வரலாறு தொடங்குகிறது. சென்னையில் 1924 மே மாதம் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவர்தம் நண்பர்களும் சென்னை மாகாண வானொலி மன்றத்தை நிறுவினார்கள். அவ்வாண்டு ஜூலை 31 முதல் மன்றம் ஒலிபரப்பத் தொடங்கியது. அகில இந்திய வானொலி என்றொரு பெயரே அப்போது பிறந்திருக்கவில்லை. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் மன்றத்தின் குரல் நின்றுபோனது. அதன் கருவி சென்னை மாநகராட்சியிடம் சேர்ந்தது. 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. 1938-இல் அகில இந்திய வானொலி அப்பணியை ஏற்றுக்கொண்டது. அம்மன்றம் இன்றைய பொருளில் ஹாம் மன்றம் அன்று; ஒலிபரப்பு மன்றம். ஆயினும் ஆர்வலர் சிலர் தம் பொழுதையும் பொருளையும் ஒன்றுகூட்டித் தொடங்கிய முயற்சியே தமிழகத்தின் வானொலிக்கு வித்து என்பதை மறக்க இயலாது. கூடிக் கற்றவர்களால் வந்த கலை இது.

கூடிக் கற்றல் என்றோம். அமெரிக்க ஹாம்கள் தமக்கு வழிகாட்டும் மூத்தவரை 'எல்மர்' என்று அழைக்கிறார்கள். எல்மர் என்பது ஓர் ஆளின் பெயர். எல்மர் ஃப்ரோஹார்ட் என்னும் மூத்த ஹாம் பல புதியவர்களைக் கைபிடித்து அழைத்து வந்தவர். 1971-இல் 'க்யூ.எஸ்.டி.' இதழில் ராட் நியூகர்க் எழுதிய பத்தி ஒன்றில் அவர் பெயர் வழிகாட்டிகளுக்கெல்லாம் பொதுப்பெயராக ஆளப்பட்டது. அன்றுமுதல் ஹாம் உலகில் எவரைக் கேட்டாலும், "உமக்கு எல்மர் யார்?" என்ற கேள்விக்கு ஒரு பெயர் விடையாக வரும். ஓர் ஆளின் பெயர் ஆசான் என்னும் பொருளில் பொதுச்சொல்லாகிவிட்டது என்றால், அக்கலையில் ஆசானுக்குள்ள இடம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி நன்னூலுக்கு வருவோம். ஆசான் சொன்னதைப் பழுதறக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது புலமையில் காற்பங்குதான் என்கிறார் பவணந்தி முனிவர். உடன்பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால் வருகிறது. மீதமுள்ள அரை, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வந்து சேர்கிறது. இலக்கணம் கற்பவர்க்குச் சொல்லப்பட்ட இக்கணக்கு, அமெச்சூர் வானொலிக்கு அப்படியே பொருந்துவதைக் கண்டு நாம் வியந்திருக்கிறோம். தேர்வுக்குப் படிப்பது ஒரு கால். வானலையில் பிறரோடு பேசிப் பழகுவது ஒரு கால். இன்னொருவரை உருவாக்கும்போதுதான் மற்ற அரை. முதற்காலோடு நின்றுவிட்டவர்கள் உரிமத்தாளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவைத்திருப்பார்கள். அவர்கள் குரல் வானலையில் கேட்காது.

நூலில் இல்லாத எதை ஆசான் தருகிறார்? ஆன்டெனாவையே எடுத்துக்கொள்வோம். 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் ஏறத்தாழ 40 மீட்டர். அதில் பாதி, அதாவது 20 மீட்டர் செம்புக்கம்பியை நடுவில் வெட்டி, இரு கைகளாக நீட்டிக் கட்டினால் ஆன்டெனா ஆயிற்று. இவ்வளவும் எந்த நூலிலும் உண்டு. ஆனால் அதை எவ்வளவு உயரத்தில் கட்டுவது? தாழக் கட்டினால் அலை பெரிதும் செங்குத்தாக மேலே போய்த் திரும்பிச் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். உயரக் கட்டினால் சாய்ந்து சென்று தொலைநாடுகளைத் தொடும். சிறுமலையை ஒருபுறமும் கரந்தமலையை மறுபுறமும் கொண்ட நம் பகுதியில் இது சிறிய செய்தி அன்று. கையடக்கக் கருவியின் உயர் அதிர்வெண் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். எதிரே மலை நின்றால் அதன் மறைவில் இருப்பவர்க்கு எட்டாது. கொடைக்கானல் மலைமேலிருந்து வரும் கோடை பண்பலை சமவெளி மாவட்டங்கள் பலவற்றில் தெளிவாகக் கேட்பதற்கும் அந்த உயரமே காரணம். தென்னந்தோப்பில் தாழக் கட்டிய கம்பி மலையைத் தாண்டிப் பேசும், கைக்கருவி பேசாது என்பதைத் தோப்பில் நின்று மரத்தைப் பார்த்துச் சொல்லித் தர ஓர் ஆள் வேண்டும். மின்கம்பிக்கு அருகே ஆன்டெனா கட்டாதே என்று தடுத்து உயிர் காக்கவும் அந்த ஆள் வேண்டும்.

அடுத்து, கேட்கும் கலை. வானலையில் பேசுவதைவிடக் கேட்பதே கடினம். சிற்றலைகள் தரைக்கு மேலே நூறு முதல் நானூறு கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் பரந்துள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகின்றன. அம்மண்டலத்தை ஆக்குவதும் குலைப்பதும் சூரியன். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. பெருகும் காலத்தில் சிறிய திறனுள்ள கருவியும் கடல் கடந்து பேசும். குறையும் காலத்தில் பெரிய கருவியும் திணறும். 2024-இல் சூரியன் அத்தகைய உச்சப் பருவத்தை எட்டியதாக அறிவியலாளர் அறிவித்தனர். இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் புள்ளிகளை நூறாண்டுக்கும் மேலாகப் படம் எடுத்து வைத்திருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் இங்கேதான் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததும் அங்கேதான். மலைமேல் இருந்து பார்க்கப்படும் சூரியனே, மலையடியில் இருந்து எழும் குரல் ஜப்பானை எட்டுமா எட்டாதா என்பதை முடிவு செய்கிறது. இத்தகைய மாவட்டத்தில் பிறந்த மாணவனுக்கு இத்தொடர்பை எவரும் சொல்லாமல் விடுவது வருந்தத்தக்கது.

சூரியனைப் பற்றிய அறிவை நூல் தந்துவிடும். ஆனால் இரைச்சலுக்கு நடுவே மெலிந்து ஒலிக்கும் ஒரு குரலைப் பிரித்தறியும் செவியை நூல் தராது. மூத்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து, "இப்போது பேசாதே, அவர் முடிக்கட்டும், இது மின்விளக்கின் இரைச்சல், அது தொலைவில் இடி, அதோ, அந்த மூலையில் ஒருவர் அழைக்கிறார் கேள்" என்று சொல்லச் சொல்லத்தான் செவி திறக்கும். குருகுலத்தில் இசை பயின்றவர்க்கு இது விளங்கும். முறைமையும் அவ்வாறே வரும். குறுக்கே பேசாமை, தன் குறியைத் தெளிவாகச் சொல்லுதல், பேசி முடித்ததும் 73 என்று வாழ்த்தி விடைபெறுதல் யாவும் பார்த்துப் பழகுவன. 73 என்பது தந்தி ஊழியர் காலத்து வாழ்த்துக்குறி. தந்தியை 2013 ஜூலையில் நம் நாடு நிறுத்திவிட்டது. அதன் வாழ்த்து மட்டும் வானலையில் இன்றும் வாழ்கிறது.

தமிழாசிரியராகிய நம்மை இவ்விஷயத்தில் எழுதத் தூண்டியது மொழிதான். இத்தேர்வுக்கென்று புழங்கும் பாடங்கள் பெரிதும் ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழ்வழியில் பயின்ற சிற்றூர் மாணவர் மின்தடையும் மின்தேக்கியும் அறிவார். அதே பொருள்கள் ஆங்கிலப் பெயரில் வரும்போது அயலாகிவிடுகின்றன. இங்கே ஆசான் செய்ய வேண்டிய முதற்பணி மொழிபெயர்ப்பு. சொல்லைப் பெயர்ப்பதோடு அது முடிவதில்லை. ஒத்திசைவு என்றால் என்ன என்பதைக் கோயில் மணி அடங்கிய பின்னும் அருகிலிருக்கும் பித்தளைக் குடம் அதிர்வதைக் காட்டி விளக்குபவரே நமக்கு வேண்டும். அப்படி விளக்கினால், பிறகு ஆங்கிலச் சொல்லைக் கற்பது அரைநாள் வேலை. விளக்காமல் விட்டால் மாணவர் வினாவிடையை உருப்போட்டுத் தேறுவார். தேறிய மறுநாள் மறப்பார்.

தேர்வைப் பற்றிய அச்சமும் மிகையானது. 12 வயது நிரம்பியவர் எழுதலாம். நடுவணரசின் தொலைத்தொடர்புத் துறையைச் சார்ந்த கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு அதை நடத்துகிறது. வானொலிக் கோட்பாடு ஒரு பகுதி. விதிமுறைகள் மற்றொரு பகுதி. மோர்ஸ் தட்டத் தெரியாதவர்க்கும் ஒரு நிலை உண்டு. தெரிந்தவர்க்கு அதனினும் மேம்பட்ட நிலை உண்டு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும்போது நடப்பு விதியைச் சரிபார்ப்பது நலம். பொறியியல் பட்டம் தேவையில்லை. உயர்நிலைப் பள்ளி இயற்பியலும் சில மாத உழைப்பும் போதும். தேறிய பின்னர் உரிமத்துக்கான விசாரணையும் காத்திருப்பும் உண்டு. பலர் சோர்ந்து விலகுவது இந்த இடைவெளியில்தான். அந்நாளில் மாணவரைத் தம் நிலையத்துக்கு அழைத்து அருகில் உட்காரவைத்துக் கேட்கச் செய்யும் மூத்தவர் இருந்தால் அவர் விலகமாட்டார்.

ஆசான் இல்லாத இடத்தில் நிகழ்வது என்ன? இளைஞர் இணையத்தில் தேடுகிறார். மலிவான கைக்கருவி ஒன்று கண்ணில் படுகிறது, வாங்கிவிடுகிறார். உரிமமின்றி அதைப் பயன்படுத்துவது குற்றம் என்பது அவருக்குத் தெரியாது. விற்றவரும் சொல்வதில்லை. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், முறையற்று வாக்கிடாக்கிகளை விற்ற இணைய வணிகத் தளங்களுக்கு அறிவிக்கை அனுப்பும் அளவுக்கு இது பரவியிருந்தது. அறியாமல் அழுத்திய பொத்தான் காவல்துறை அலைவரிசையில் போய் விழலாம். கருவி முதலில் வந்து ஆசான் பின்னால் வருவதன் கேடு இது. விலையைப் பற்றிக் கவலைப்படுவோருக்கும் ஆசானே மருந்து. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' என்னும் கருவி, உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு கையாலே செய்யத்தக்கது. அதன் தொடக்க வடிவில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷர்மேல் கம்பிச்சுருள் சுற்றப்பட்டது. உலகெங்கும் ஹாம்கள் அதைச் செய்து பேசியிருக்கிறார்கள். ஆனால் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் கைத்திறனை, சூட்டுக்கோலைப் பிடித்த இன்னொரு கையைப் பார்த்தே கற்க வேண்டும்.

"எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடையை 2004 டிசம்பர் 26 தந்தது. அந்நாளில் ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினர் அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார்கள். பல்லாண்டுகளாக ஹாம் ஒலி எழாத அத்தீவிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதே அவர்கள் சென்ற நோக்கம். ஆழிப்பேரலை வந்தது, தொலைபேசிகள் அறுந்தன, பொழுதுபோக்காகக் கொண்டுசென்ற கருவி தீவுகளின் செய்தி வழியாயிற்று. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்னும் கேள்விகள் அவ்வழியே சென்றன, விடைகள் வந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சிதைத்துவிட்டு நம் மாவட்டத்தின் வழியாகவும் கடந்ததை நாம் மறக்கவில்லை. 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது கல்பெட்டா ஆட்சியர் அலுவலகத்தில் ஹாம்கள் நிலையம் அமைத்துப் பணி செய்தார்கள். கொடைக்கானலும் சிறுமலையும் மழைக்காலத்தில் சரியக்கூடிய பாதைகளை உடையவையே. சரிந்த பிறகு எல்மரைத் தேட முடியாது. இன்று 12 வயதாகும் ஒருவரை இன்றே தயார்செய்தால், வேண்டிய நாளில் அவர் இருப்பார்.

இனி மூத்தவர்களிடம் சில சொற்கள். நன்னூல் நல்லாசிரியர்க்கு மட்டும் உவமை சொல்லி நிற்கவில்லை. ஆசிரியர் ஆகாதவர்க்கும் சொல்கிறது. அவற்றுள் ஒன்று மடற்பனை. பழம் உண்டு, ஆனால் கருக்குமட்டை சூழ்ந்திருப்பதால் எவரும் ஏறிப் பறிக்க முடியாது. தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். மற்றொன்று முடத்தெங்கு. நீர் வார்த்தவன் வாசலில் காய்க்காமல் வேலிக்கு அப்பால் வளைந்து அயலார்க்குக் காய்க்கும். ஹாம் உலகிலும் இவ்விரு வகையினர் உண்டு. மோர்ஸ் தெரியாதவர் ஹாமே அல்லர் என்று புதியவரை வாசலிலேயே மடக்குவோர் மடற்பனைகள். புதியவர் வானலையில் முதன்முறை தடுமாறும்போது எள்ளி நகைப்போரும் அவர்களே. பெருநகரங்களிலும் வெளிநாடுகளிலும் பல்லாயிரம் பேரோடு பேசி அட்டைகள் சேர்த்து, தம் தெருவில் ஒருவரைக்கூட உருவாக்காதவர் முடத்தெங்கு. அவர்கள் பெற்றதும் ஒரு காலத்தில் எவரோ கைபிடித்துத் தந்ததுதான்.

இதற்கு மாறான செயல்களும் கண்முன் உள்ளன. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேறிய 'ஹாம்சாட்' செயற்கைக்கோளில் இரண்டு அலைமாற்றிகள் இருந்தன. ஒன்று இந்தியாவில் ஆனது. மற்றொன்றைச் செய்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த இளம் ஹாம் ஒருவர். அப்போது அவர் மாணவர். 2014 வரை அக்கோள் உலக ஹாம்கள் அனைவர்க்கும் கட்டணமின்றிப் பயன்பட்டது. ஒரு மாணவரின் கைவேலையை நம்பி விண்ணுக்கு அனுப்பிய நாடு இது. 2025 ஜூலையில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து சுபான்ஷு சுக்லா நம் நாட்டு மாணவர்களோடு பேசியதும் அமெச்சூர் வானொலி வழியாகத்தான். அவ்வுரையாடலில் நம் சமவெளி மாணவரின் குரல் ஏன் கேட்கக் கூடாது?

என்ன செய்யலாம்? திண்டுக்கல்லில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. சின்னாளபட்டி அருகே காந்திகிராமம் 1956 முதல் ஊரக உயர்கல்வியை நடத்தி வருகிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்று மன்ற உரிமம் பெற்று ஒரு நிலையம் அமைக்கலாம். கல்வி நிறுவனங்களுக்கு அவ்வசதி விதியில் உண்டு. மதுரையிலோ கோவையிலோ இருக்கும் மூத்த ஹாம் ஒருவரை மாதம் ஒருமுறை அழைக்கலாம். அவருக்குப் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் ஒரு மாணவர் கூட்டமும் போதும். இயற்பியல் துறையினர் கோட்பாட்டைச் சொல்லட்டும். தமிழ்த்துறையினர் பாடத்தைத் தமிழாக்கட்டும். அப்பணியில் நம் பங்கை மகிழ்வோடு ஏற்போம். சாணார்பட்டி, கோபால்பட்டி, நத்தம் பள்ளிகளிலிருந்து ஆண்டுக்கு ஐவர் வந்தாலும் போதும். ஐவரில் ஒருவர் நிலைத்து, அவர் இருவர்க்குக் கற்பித்தால் பத்தாண்டில் இம்மாவட்டத்துக்கென்று ஒரு குரற்குழு இருக்கும்.

கற்பவர்க்கும் ஒரு சொல். ஆசான் வீட்டுக் கதவைத் தட்டக் கூசாதீர்கள். தட்டுமுன் வாசித்துவிட்டுச் செல்லுங்கள். மூத்தவரின் பொழுது விலையுயர்ந்தது. ஒரு கேள்விக்கு விடை பெற்றால் அதை எழுதி வைத்து அடுத்து வருபவர்க்குச் சொல்லுங்கள். பவணந்தியார் கணக்கில் அரைப்பங்கு அங்கேதான் இருக்கிறது. உரிமம் கைக்கு வந்த முதல் மாதத்திலேயே இன்னொருவரைத் தேடத் தொடங்குங்கள். தெரிந்தது கொஞ்சம்தானே என்று தயங்க வேண்டாம். கொஞ்சம் தெரிந்தவரே ஏதும் தெரியாதவரின் தடுமாற்றத்தை நன்கு அறிவார்.